சிஸ்டரிடம் கேளுங்கள்: பச்சை வாரங்களில் என்ன நடக்கிறது?

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், எனக்கு மூன்று வயதில் ஒரு மகன், எட்டு மாதத்தில் ஒரு மகள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கும்போதெல்லாம் தினமும் காலையில் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து செபிக்க வேண்டும் என்று தீர்மானிப்பேன். முதல் வாரத்திலேயே அது கலைந்துவிடும். விவிலியத்தைத் திறந்தால் மகன் பக்கத்தைக் கிழிக்க வருகிறான். துவைப்பதும் கழுவுவதும் தூங்க வைப்பதுமாக நாள் போய்விடுகிறது. என் ஆன்மிக வாழ்வு செத்துக்கொண்டிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. — ஓர் இளம் தாய்

பதில்: மகளே, முதலில் அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடு. ஒரு கன்னியாஸ்திரி இப்படிச் சொல்வதா என்று திகைக்காதே. மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டு, மணியடித்தால் உறங்கப் போகிற எங்களுக்கு அரை மணி நேர அமைதி பெரிய காரியமில்லை. உன் வீட்டில் மணியடிப்பது எட்டு மாதக் குழந்தை. அது யாருடைய கால அட்டவணைக்கும் கட்டுப்படாது.

மடத்தில் பலிபீடத் துணிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. திருப்பலியில் திராட்சை இரசம் ஊற்றும் திருக்கிண்ணத்தைத் துடைக்கும் சிறு வெள்ளைத் துணிகள் வாரக் கடைசியில் ஒரு குவியலாக வந்து சேரும். முதலில் அவற்றை வெறும் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் சோப்பும் கஞ்சியும் இஸ்திரியும். திராட்சை இரசக் கறையைவிட உதட்டுச் சாயக் கறை பிடிவாதமானது. மெழுகு சிந்திய பீடத் துணியின்மேல் பழைய காகிதத்தை விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால், மெழுகு காகிதத்துக்கு ஏறிவிடும். இதையெல்லாம் செய்யும்போது நான் பரவசத்தில் ஆழ்ந்திருப்பேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவாய். கறை போயிற்றா என்றுதான் பார்க்கிறேன். அந்தக் கவனமே போதும் என்பது என் கட்சி.

6-ஆம் நூற்றாண்டில் துறவியருக்கு ஒழுங்குகள் வகுத்த புனித பெனடிக்ட், மடத்தின் பண்டசாலையைக் கவனிப்பவருக்கு ஒரு விதி வைத்தார்: மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலவே எண்ணிக் கையாள வேண்டும். மண்வெட்டிக்கும் திருக்கிண்ணத்துக்கும் ஒரே மரியாதை. அந்தக் கணக்கில் உன் வீட்டுப் பால் புட்டியும் சேர்த்தி.

சிறுமலர் என்று நாம் அழைக்கும் லிசியே நகர்ப் புனித தெரேசா மடத்தில் சலவை செய்யும்போது, எதிரில் நின்ற சகோதரி கைக்குட்டைகளைத் துவைக்கும் வேகத்தில் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறித்துக்கொண்டே இருந்தது. சற்றுப் பின்வாங்கி, முகத்தைத் துடைத்து, அந்தச் சகோதரிக்கு உணர்த்தலாமா என்றுதான் முதலில் தோன்றியதாம்; அவரே எழுதியிருக்கிறார். துடைக்கவில்லை. 24 வயதில் இறந்துபோன அவருடைய வாழ்க்கையில் பெரும்பாலும் இந்த அளவுச் செய்திகள்தான். உன் வீட்டில் தெறிப்பது அழுக்குத் தண்ணீர் மட்டுமல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

திருவருகைக் காலத்துக்கு வருவோம். இந்த நான்கு வாரங்களின் நடுவில் நிற்பவர் ஒரு கர்ப்பிணிப் பெண். இயேசுவின் தாய் மரியா, முதிய வயதில் கருவுற்றிருந்த தம் உறவினர் எலிசபெத்தைப் பார்க்க விரைந்து போனார், ஏறத்தாழ மூன்று மாதம் அங்கே தங்கினார் என்று லூக்கா எழுதுகிறார். வாசலில் அவர் பாடிய பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன் பிறகு அந்த மூன்று மாதமும் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வயது முதிர்ந்த கர்ப்பிணி ஒருவர் இருக்கும் வீட்டில் என்ன வேலை இருந்திருக்கும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்று செய். நான்கு மெழுகுதிரிகள் செருகிய திருவருகை வளையத்தில் ஞாயிறு மாலை மெழுகுதிரியை ஏற்று. "ஆண்டவரே வாரும்" என்று சொல். ஊதி அணைக்கும் உரிமையை மகனுக்குக் கொடு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நான்காவது வாரம் அவனே உன்னைக் கூப்பிடுவான்.

கேள்வி: செபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். பாவமா சிஸ்டர்? — பெயர் வேண்டாம்

பதில்: பாவமில்லை. மேலே சொன்ன தெரேசாவும் தியான நேரத்தில் தூங்கியவர்தான். குழந்தைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிடிக்கும் என்று சொல்லித் தம்மைத் தேற்றிக்கொண்டார். 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே போதிக்கும் ஆசிரியர், என்று அறிவித்தது. ஆகவே தைரியமாக நம்பலாம். எங்கள் சிற்றாலயத்திலும் பிற்பகல் செபத்தில் இது நடப்பதுண்டு. குறட்டை விடாமல் பார்த்துக்கொள்வது பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் அன்புப்பணி.

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் இறைச்சி, இனிப்பு, தொலைக்காட்சி, கைப்பேசியில் சமூக ஊடகம் அனைத்தையும் விட்டுவிட்டேன். அதிகாலையில் எழுந்து சிலுவைப்பாதை செய்கிறேன். ஆனால் வீட்டில் யாரும் என்னிடம் நெருங்குவதில்லை. ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று என் மனைவி நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கே பிசகுகிறது? — ஒரு குடும்பத் தலைவர்

பதில்: உங்கள் மனைவிக்கு என் அனுதாபம்.

தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்தியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நோன்பு இருக்கும்போது முகவாட்டமாய் இராதே, தலையில் எண்ணெய் தேய், முகத்தைக் கழுவு என்கிறார் இயேசு. அதைக் கேட்ட கையோடு வரிசையில் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு திரும்புகிறோம். திருச்சபைக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது? அந்தச் சாம்பலும் எங்கிருந்து வருகிறது? போன ஆண்டுக் குருத்து ஞாயிறன்று "ஓசன்னா" என்று உயர்த்திப் பிடித்த அதே ஓலைகளை எரித்துத்தான். எரித்த பிறகு சல்லடையில் சலிக்க வேண்டும், இல்லாவிட்டால் நெற்றியில் நார் குத்தும். நாம் பெருமையாகத் தூக்கிப் பிடித்த எதுவும் ஓர் ஆண்டுக்குள் என்ன ஆகும் என்பதைச் சல்லடை பிடித்த கை நன்றாகவே அறியும்.

அதே வாரம் வெள்ளிக்கிழமைத் திருப்பலி வாசகமாக எசாயா நூலின் 58-ஆம் அதிகாரம் வருகிறது. நோன்பு நாளில் வழக்கும் சண்டையும் செய்துகொண்டு, வேலையாட்களை ஒடுக்குகிறவர்களை இறைவாக்கினர் அதில் விளாசித் தள்ளுகிறார். கடவுள் விரும்பும் நோன்பு என்று அவர் சொல்வதில் உண்ணாமை வரவில்லை. பசித்தவருக்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பது வருகிறது.

நான் சொல்லும் மருந்து எளியது, விழுங்குவது கடினம். இன்று இரவு மனைவியை உட்கார வைத்து, மீதி நாட்களுக்கு நான் எதை விட வேண்டும் என்று நீயே சொல் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் மறுபேச்சுப் பேசாதீர்கள். அவர் இறைச்சியைப் பற்றிப் பேசமாட்டார் என்று நினைக்கிறேன். இன்னொன்று: சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். தவக்காலத்தை 40 நாள் என்று சொல்லும்போது ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் சிரியுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் ஒரே தேதியில் வருகிறது. ஈஸ்டர் மட்டும் ஏன் அலைகிறது? — ஒரு மாணவர்

பதில்: நிலவைப் பார்த்துக் குறிப்பதால். இயேசு இறந்து உயிர்த்தது யூதர்களின் பாஸ்கா விழாவையொட்டி. அது நிலாக் கணக்கில் வரும் விழா. ஈஸ்டரை எல்லாரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று 325-இல் நிசேயா பொதுச்சங்கம் முடிவு செய்தது. மார்ச் 21-இலோ அதற்குப் பின்போ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது விதி. அந்த முழுநிலவும் திருச்சபை அட்டவணைப்படி கணக்கிடுவது. மாடிக்குப் போய் அண்ணாந்து பார்ப்பதல்ல. ஆகவே மார்ச் 22-க்கு முன்னும் ஏப்ரல் 25-க்குப் பின்னும் நமக்கு ஈஸ்டர் வராது. கீழைத் திருச்சபைகள் பலவும் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணக்கிடுவதால் தேதி பிரிந்துபோகிறது: 2024-இல் நமக்கு மார்ச் 31, அவர்களுக்கு மே 5. மறு ஆண்டே இருவருக்கும் ஏப்ரல் 20-இல் சேர்ந்து வந்தது.

நிரந்தரத் தேதி வைத்தால் வசதி என்கிறார்கள். எனக்கு இந்த அலைச்சல் பிடித்திருக்கிறது. ஆண்டில் ஒரு விழாவாவது நம் வசதியைக் கேட்காமல் வரட்டும்.

கேள்வி: நான் மறைக்கல்வி ஆசிரியை. கிறிஸ்துமஸ், தவக்காலம், ஈஸ்டர் என்றால் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்தக் காலங்களுக்கு வெளியே வரும் பொதுக்காலம் வந்துவிட்டால் குருவின் திருவுடை வாரக்கணக்கில் பச்சை, பச்சை, பச்சை. விழாவும் இல்லை, நோன்பும் இல்லை. எனக்கே சலிப்பாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு எப்படி இல்லாமல் இருக்கும்?

பதில்: டீச்சர், திருவுடைகள் தொங்கும் எங்கள் அலமாரியை வந்து பாருங்கள். பொன்னிழை போட்ட வெள்ளைத் திருவுடை இன்றும் கடையிலிருந்து வந்ததுபோல் இருக்கிறது. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் தூய ஆவி பெருவிழாவின் சிவப்பு, கசங்கக்கூட இல்லை. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறும் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் மட்டும் வெளியே வரும் ரோஜா நிற உடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பச்சையைப் பாருங்கள்: கழுத்துப் பட்டியில் வியர்வை ஏறி நிறம் வேறாகிவிட்டது, தோள் மடிப்பில் இழை விட்டிருக்கிறது, கீழ் ஓரத்தை நான் மடித்துத் தைத்த இடத்திலேயே மறுபடியும் தைத்திருக்கிறேன். ஆண்டில் 33 அல்லது 34 வாரங்கள் பொதுக்காலம். கிறிஸ்துமஸ் காலத்தை முடித்துவைக்கும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவுக்குப் பின் சாம்பல் புதன் வரை ஒரு துண்டு, தூய ஆவி பெருவிழாவுக்குப் பின் திருவருகைக் காலம் வரை இன்னொரு துண்டு. பாதிக்கு மேல் பச்சைதான்.

எனக்கு இது சரியாகவே படுகிறது. இயேசு தம் பணியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது என்கிறார் லூக்கா. பன்னிரண்டு வயதில் கோவிலில் காணாமல்போன கதையைத் தவிர, நாசரேத்தில் கழிந்த அந்த ஆண்டுகளைப் பற்றி எந்த நற்செய்தியாளரும் வாய் திறக்கவில்லை. மரம் அறுத்தார், தாய்க்கு உதவினார், ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்குப் போனார் என்று நாமாக ஊகிக்க வேண்டியதுதான். கடவுளின் மகன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டது செய்தியாகாத நாட்களில். நமக்கு மட்டும் வாரம் ஒரு விழா வேண்டுமென்றால் எப்படி?

ஒன்றுமே நடப்பதில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பச்சை வாரங்களின் நற்செய்தியில் யார் யார் வருகிறார்கள் பாருங்கள். சீமோனின் மாமியார் காய்ச்சலில் படுத்திருக்கிறார். ஒரு பெண் விளக்கை ஏற்றி, வீட்டைப் பெருக்கி, தொலைந்த காசைத் தேடுகிறார். இன்னொருத்தி மாவில் புளிப்பைப் பிசைகிறார். நள்ளிரவில் ஒருவன் நண்பனின் கதவைத் தட்டி அப்பம் கடன் கேட்கிறான். நண்பன் பிள்ளைகளோடு படுத்துவிட்டேன் என்று உள்ளிருந்தே பதில் சொல்கிறான். சொத்தைப் பங்கு பிரிக்கச் சொல்லி ஒரு தம்பி வந்து நிற்கிறான். சாய்ங்காலம் ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்ததால் தகராறு. இதையெல்லாம் பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். அந்தந்த ஞாயிறு நற்செய்தியில் வரும் வீட்டுச் சாமான் என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: துடைப்பம், விளக்கு, வலை, உப்பு, பழைய தோற்பை, மரக்கால். முடிந்தால் வீட்டிலிருந்து அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒட்டுப்போட்ட துணி வரும் ஞாயிறு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எங்கள் பச்சை உடையையே தருகிறேன்.

இதைச் சொல்லும்போது ஒரு புலம்பல். பச்சை ஞாயிறுகள் காலியாகக் கிடக்கின்றன என்று நினைத்து, இன்று இந்தத் தினம், நாளை அந்தத் தினம் என்று பதாகைகளால் அவற்றை நிரப்பும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. காலியாக இருக்கட்டுமே.

கேள்வி: போன தவக்காலத்தின் கடைசி வாரத்தில் என் கணவர் இறந்தார். ஊரெல்லாம் ஈஸ்டர் கொண்டாடியபோது நான் வீட்டில் ஒடுங்கிக் கிடந்தேன். மறுபடியும் ஈஸ்டர் வருகிறது. "அல்லேலூயா" என்ற சொல் தொண்டையில் அடைக்கிறது. ஈஸ்டர் இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்குப் போகாமல் இருந்தால் பாவமா? நம்பிக்கை இல்லாதவளாகிவிட்டேனா? — ஒரு வாசகி

பதில்: அம்மா, பாவமில்லை. இரவுத் திருவிழிப்புக்கு நிற்க முடியாவிட்டால் காலைத் திருப்பலிக்குப் போங்கள். அதற்கும் உடம்பும் மனமும் இடம் கொடுக்காவிட்டால் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரும் சாவு வீடுகளைப் பார்த்தவர்தான்.

ஆனால் புனித சனியன்று பகலில், யாரும் இல்லாத நேரத்தில் ஒருமுறை ஆலயத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பெரிய வியாழன் இரவு வழிபாடு முடிந்ததும் பீடத்தின் துணிகளை உருவிவிடுவோம். மெழுகுதிரித் தண்டுகள் போய்விடும், பூக்கள் போய்விடும். நற்கருணை அப்பத்தை வைக்கும் பேழை வெறுமையாக, கதவு திறந்தபடி இருக்கும். ஆண்டு முழுவதும் அணையாத சிறு விளக்கும் அன்று இல்லை. பகல் முழுவதும் திருப்பலியும் இல்லை. திருச்சபை அந்த நாளை அவசரமாகக் கடந்துபோவதில்லை. ஒன்றும் செய்யாமல் கல்லறைப் பக்கம் நிற்கிறது. உங்களுக்கு இந்த ஓராண்டும் அந்தச் சனிக்கிழமையாகவே இருந்திருக்கும். அதற்குத் திருவழிபாட்டு ஆண்டில் இடமில்லை என்று எண்ணாதீர்கள், இருக்கிறது.

ஈஸ்டர் என்றால் மகிழ்ந்தே ஆக வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நற்செய்திகளைப் படியுங்கள். மகதலா மரியா அழுதுகொண்டு நிற்கிறார். இயேசுவையே பார்த்தும் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். எம்மாவு என்ற ஊருக்குப் போகிற சீடர் இருவரும் முகவாட்டத்தோடு நடக்கிறார்கள். "நம்பியிருந்தோம்" என்று இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். தோமாவுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் நம்ப முடிந்தது. பேதுரு மீன்பிடிக்கக் கிளம்பிவிட்டார். துக்க வீட்டில் ஆண்கள் வேலைக்கு ஓடுவதுபோல என்று எனக்குத் தோன்றும். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகள், பெண்கள் கல்லறையிலிருந்து நடுங்கி ஓடினார்கள், அச்சத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு முடிந்துவிடுகின்றன. முதல் ஈஸ்டர் அன்று அல்லேலூயா பாடிய ஒருவரையும் நான் அங்கே காணவில்லை.

அவர்களுக்கு நேரம் கொடுக்கப்பட்டது, உங்களுக்கும் உண்டு. தவக்காலம் 40 நாள், ஈஸ்டரிலிருந்து தொடங்கும் பாஸ்காக் காலம் 50 நாள். மகிழ்ச்சிக்கு அதிக நாட்கள் வேண்டும் என்று திருச்சபைக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே வர வேண்டிய கட்டாயமில்லை.

உங்கள் கணவரின் நல்லடக்கத் திருப்பலியில் பெட்டியருகே ஒரு பெரிய மெழுகுதிரி எரிந்தது நினைவிருக்கலாம். அது அதற்கு முந்தைய ஈஸ்டர் இரவில் ஏற்றப்பட்ட பாஸ்கா மெழுகுதிரி. சிலுவை அடையாளமும், அந்த ஆண்டின் எண்களும், ஐந்து சாம்பிராணி மணிகளும் அதில் பதிந்திருக்கும். பாஸ்காக் காலம் முடிந்ததும் அதைத் திருமுழுக்குத் தொட்டியருகே வைப்போம். பிறகு இரண்டு காரியங்களுக்கு முக்கியமாக அதை எடுப்போம்: குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கவும், இறந்தவரை வழியனுப்பவும். இந்த ஆண்டு புது மெழுகுதிரி, புது எண்கள். திருவிழிப்புக்குப் போனால் கடைசி வரிசையில் உட்காருங்கள். பாட வேண்டாம். பக்கத்தில் நிற்கிறவர்கள் உங்களுக்காகவும் சேர்த்துப் பாடுவார்கள். சபை என்று ஒன்று இருப்பது எதற்கு? இன்னொரு ஆண்டு, வேறொருத்தி பாட முடியாமல் உங்கள் பக்கத்தில் நிற்பாள்.

கேள்வி: எங்கள் சபையில் இந்தக் காலங்கள், நிறங்கள் எதுவும் கிடையாது. வேதத்தில் இல்லாததை ஏன் கைக்கொள்கிறீர்கள்? — வேறொரு சபையைச் சேர்ந்த சகோதரர்

பதில்: திருவருகைக் காலம் விவிலியத்தில் இல்லை, உண்மைதான். டிசம்பர் 25-உம் இல்லை. அந்தத் தேதியைக் குறிப்பிடும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று 354-இல் தொகுக்கப்பட்ட உரோமை நாட்காட்டி. ஒருவர் ஒரு நாளை மற்றொன்றைவிடச் சிறந்ததாகக் கருதுகிறார், இன்னொருவர் எல்லா நாட்களையும் ஒன்றாகக் கருதுகிறார்; இருவரும் ஆண்டவருக்காகவே செய்யட்டும் என்று பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். நீங்கள் எல்லா நாளையும் ஒன்றாக மதியுங்கள். நான் மறதிக்காரி, எனக்கு நாட்காட்டி வேண்டியிருக்கிறது.

கேள்வி: மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர் நான். கிறிஸ்துமஸ் இரவும் ஈஸ்டர் இரவும் பணியில்தான் இருப்பேன். எந்தத் திருநாளும் என்னைத் தொடாமலே ஆண்டு ஓடிவிடுகிறது. காலையில் பஸ்ஸில் வீடு திரும்பும்போது செய்யக்கூடியதாக ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: கிறிஸ்து பிறப்பின் செய்தி முதலில் போனது இரவுப் பணியில் இருந்த இடையர்களுக்குத்தான், வீட்டில் தூங்கியவர்கள் பிறகு கேள்விப்பட்டார்கள். நீங்கள் திருநாளுக்கு வெளியே இல்லை.

பஸ்ஸுக்கு ஏற்றது, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனை. ஐந்து படிகள்: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, கழிந்த நேரத்தை மணிவாரியாகப் பார்ப்பது, பிசகியதற்கு மன்னிப்புக் கேட்பது, அடுத்த நாளுக்கு ஒரு தீர்மானம். மூன்றாம் படியில் பெரிய விஷயங்களைத் தேடாதீர்கள். ஏழாம் எண் படுக்கைக்காரர் தண்ணீர் கேட்டபோது உங்கள் குரல் எப்படி இருந்தது, அதைப் பாருங்கள் போதும். திருநாள் இரவென்றால் முதல் படியோடு அன்றைய நற்செய்தியின் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படிக்கு முன்பே உங்கள் நிறுத்தம் வந்துவிட்டால் இறங்கிவிடுங்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.